தோல் வாஷர்

"அதுக்குள்ள தோல் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

கிணற்றடியில் புதிதாக நின்ற கைப்பம்பை மகாலிங்கய்யர் கைத்தடியால் சுட்டிக் காட்டினார்.

"வாஷர் தோல்தான் அப்பா. எல்லாப் பம்புலயும் அப்படித்தான்" என்றார் மகன் சுந்தரராமன்.

"அப்போ அந்தத் தண்ணி மடி ஆசாரத்துக்கு ஆகாது. அபயம், கயித்தை எடு."

அபயாம்பாள் எடுத்தாள். சுந்தரராமனின் அக்கா. கல்யாணமான வேகத்தில் தாலியறுத்து, தலையை மழித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். தாயும் இல்லாத, மருமகளும் வராத வீடு. சமையலுக்கும் பூஜைக்கும் வேண்டிய தண்ணீர் அவ்வளவையும் அவள்தான் ஈரப்புடவையோடு இறைத்தாக வேண்டும். போன மார்கழியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது தோள் சரியில்லை. குடத்தை இழுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கூடவே இருந்தும் இதைக் கவனிக்காத சுந்தரராமன், என்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார் என்பதுதான் வேடிக்கை. "புஸ்தகக் கணக்குப் போட்டது போதும். யார் வீட்டிலயாவது நிஜமான கஷ்டம் ஒண்ணைக் கண்டுபிடிச்சுத் தீர்த்துட்டு வாங்கோ" என்று வகுப்பில் முழங்கியிருந்தார். சந்தேகம் கேட்க மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த மாணவன் இக்னேஷியஸ் கொல்லைப் பக்கம் பார்த்துவிட்டு, "சார், உங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கே. அந்தம்மா தோளைப் பாருங்க" என்றான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி அவன் கொண்டுவந்து வைத்ததுதான் இந்தப் பம்பு.

தோல் கூடாது என்றதும் பையன் சளைக்கவில்லை. உலகச் சண்டை முடிந்தும் ரப்பர் கிராக்கியாக இருந்த சமயம். எங்கேயோ அலைந்து பழைய கார் டியூப் ஒன்றைப் பிடித்து, ரப்பரிலேயே வாஷர் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டினான். தண்ணீர் கொட்டியது.

"பரவாயில்லையே, கெட்டிக்காரப் பையன்தான்" என்றார் மகாலிங்கய்யர். கதவுக்குப் பின்னால் நின்ற அபயாம்பாள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பையன் கடைசி மரையை முடுக்கக் குனிந்தான். சட்டைக்குள்ளிருந்து சின்னச் சிலுவை ஒன்று வெளியே வந்து ஆடியது.

பெரியவர் சத்தம் போடவில்லை. மகனை உள்ளே கூப்பிட்டார்.

"கழட்டி எடுத்துண்டு போகச் சொல்லு. தோலே தேவலாம்."

"இது ரப்பர்தானே அப்பா..."

"நான் ரப்பரையா சொன்னேன்?"

வகுப்பில் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவர் சுந்தரராமன். இங்கே தலையை மட்டும் ஆட்டினார். கொல்லைக்குத் திரும்பி வந்து, பையன் முகத்தைப் பார்க்காமல், "பம்புல கொஞ்சம் கோளாறு இருக்குப்பா. கழட்டிடலாம்" என்றார்.

"எங்க சார் கோளாறு? சொல்லுங்க, இப்பவே சரி பண்ணிடறேன்." இக்னேஷியஸ் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

சுந்தரராமன் பம்பைத் தடவித் தடவிப் பார்த்தார். இல்லாத கோளாறை எங்கே என்று காட்டுவார், பாவம்!

அபயாம்பாள் வெளியே வந்தாள். அந்நிய ஆண்பிள்ளை எதிரில் அவள் வந்து நின்றதே கிடையாது. இடது கையால் கைப்பிடியை அழுத்தி, கொட்டிய தண்ணீரை வலது கையில் ஏந்திக் குடித்தாள்.

"ஒரு கோளாறும் இல்லேப்பா. நன்னா இருக்கு."

"இனிமே நீ தொட்டது எனக்கு ஆகாது!" கொல்லைப் படியில் நின்ற மகாலிங்கய்யர் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"சரிப்பா" என்றாள் அவள். கயிற்றை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். "அப்பாவுக்கு நீ இறைச்சுக் குடு, சுந்தரம்."

இறைத்தார். நாலைந்து குடத்திலேயே உள்ளங்கை எரிந்தது. கயிறு நழுவியது.

"சார்!" என்று உதவ ஓடிவந்த இக்னேஷியஸ், கிணற்றுக்குச் சற்றுத் தள்ளியே சட்டென்று நின்றுவிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவனாகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கோளாறு எங்கே என்று அதற்குப் பிறகு அவன் சாரைக் கேட்கவில்லை.