முதுகைப் பார்த்தவர்கள்

ஹண்டூன் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் லாத்ரப் சண்டையாவது போட்டிருப்பார்.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பழைய மாணவர்கள் கூடும் ஜூன் மாதக் காலை அது. உணவுக்கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் எழுபத்தெட்டு வயது. தங்கள் வகுப்பில் இன்னும் எழுந்து நடமாடுகிறவர்கள் தாங்கள் இரண்டு பேர்தான் என்று லாத்ரப் நினைத்திருந்தார். வகுப்புச் செயலரான ஹண்டூன் முட்டையில் மிளகு தூவிக்கொண்டே அந்த நினைப்பைக் கெடுத்தார்.

“ருடிசில் வர்றான்டா. பதினொரு மணிக் கப்பல்ல.”

“எந்த ருடிசில்?”

“நம்ம வகுப்புல எத்தன ருடிசில் இருந்தான்? கரோலினாக்காரன். மூணு வருஷம் உன்னோட ஒரே அறையில குறட்ட விட்டவன்.”

லாத்ரப் கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தார். சத்தம் வராதபடி மெதுவாக வைத்தார். ருடிசில் என்றோ செத்திருப்பான் என்று நம்பித்தான் அவர் பல வருஷம் தூங்கியிருந்தார்.

“நாந்தான் எழுதி வரச் சொன்னேன்,” என்றார் ஹண்டூன். “உனக்காகத்தான்.”

விஷயம் இதுதான். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து ஐம்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு, வீரப் பதக்கங்களை மறுபடி சலித்துப் பார்க்க அந்த மாதம் சட்டம் வந்திருந்தது. ஓய்வுபெற்ற ஐந்து ஜெனரல்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகப் புரட்டுவார்கள். சாட்சி மெலிந்த பதக்கங்களைப் பட்டியலிலிருந்து அடிப்பார்கள். லாத்ரப்புக்கும் ஒரு பதக்கம் உண்டு, அதன் கோப்பில் இரண்டே சாட்சிகள். இருவருமே அவருடைய பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள், இருவரும் செத்துப்போனவர்கள்.

“செத்தவன எழுப்பியா விசாரிப்பாங்க?” என்றார் ஹண்டூன். “அப்பதான் ஒரு தெற்கத்தி ரெஜிமெண்டோட வரலாறு கைல கிடச்சுது. நீ பீரங்கிய மீட்ட ஓடைக்கு அந்தாண்ட நின்னவங்க ருடிசிலோட ஆளுங்கதான்னு போட்டிருக்கு. எதிரி வாயாலயே வந்தா எந்த ஜெனரல்டா தட்ட முடியும்? அதுவும் இந்தக் கல்லூரிக்காரன். சத்தியப் பிரமாணம்கூட வேண்டாம், சொன்னாப் போதும்.”

இந்தக் கல்லூரிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது. அவர்கள் படித்த காலத்தில் இரவு ரோந்து வரும் அதிகாரி அறைக் கதவைத் தட்டி “எல்லாம் சரியா?” என்று கேட்பார். உள்ளிருந்து “எல்லாம் சரி” என்று பதில் வந்தால் கதவைத் திறந்து பார்க்காமலே அடுத்த அறைக்குப் போய்விடுவார். பொய்யாக அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னவன் மறுநாள் காலை பெட்டியோடு ஊருக்குப் போவான். அப்படி வளர்ந்த ஹண்டூனுக்கு, ருடிசில் பொய் சொல்ல மாட்டான் என்பது நிம்மதியாக இருந்தது. லாத்ரப்புக்கு அதுதான் பயம்.

உலகத்துக்குத் தெரிந்த கதையில் தவறு எதுவும் இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் புல்வெளியின் நடுவே வடக்குப் படையின் பீரங்கி ஒன்று அனாதையாக நின்றது. ஓட்டியவர்கள் செத்துவிட்டார்கள், பூட்டிய நான்கு குதிரைகள் மட்டும் உயிரோடு நின்றன. லெப்டினன்ட் லாத்ரப் பட்டப்பகலில், இருநூறு தெற்கத்தித் துப்பாக்கிகளுக்கு எதிரே, தன்னந்தனியாக அதை நோக்கி நடந்தார். குதிரைகளைப் பிடித்துப் பீரங்கியைத் திருப்பிக் கொண்டுவந்தார். ‘ஒருமுறைகூடக் குனியவில்லை’ என்று இரண்டு சாட்சிகளும் எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது அவருடைய முதுகை.

முன்பக்கம், நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும் அவர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்திருந்தார். மூன்று நாள் குண்டுமழையில் உள்ளே என்னவோ அறுந்துவிட்டது. சரணடையத்தான் போனார்.

ருடிசில் ஓடையைத் தாண்டி வந்து குதிரைகளின் மறைவில் எதிரே நின்றான். கைக்குட்டையைப் பார்த்தான்.

“உள்ள வைடா அத,” என்றான். “நம்ம கல்லூரிக்காரன் ஒருத்தன் வெள்ளைத் துணி தூக்கினான்னு ஊரே பேசணுமா? திரும்பிப் போ. வெறுங்கையோட போகாத, உன் ஆளுங்களே சுட்டுருவாங்க. இந்தப் பீரங்கிய இழுத்துக்கிட்டுப் போ.”

பின்னால் திரும்பி, சுட வேண்டாம் என்று தன் ஆட்களுக்குக் கையசைத்தான். அவ்வளவுதான் நடந்தது.

பதினொரு மணி வரை லாத்ரப் நடந்துகொண்டே இருந்தார். மதிய ரயிலைப் பிடித்துப் போய்விடலாமா என்று ஒருமுறை நிலையச் சரிவில் பாதிதூரம் இறங்கினார். காலையில்தான் மகள் ஹாரியட் அவருடைய கோட்டில் பதக்கத்தைக் குத்தி, இரண்டடி பின்னால் நின்று அழகு பார்த்திருந்தாள். இப்போது அவள் மைதானத்தில் பெண்களுக்கான வரிசையில், முன்நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பதக்கம் போவது பெரிதில்லை. ஏன் போனது என்று அவள் கேட்பாள். திரும்ப மேலே ஏறினார்.

ருடிசில் ஒல்லியாக, மட்டக்குதிரை போல நரம்போடி இருந்தான். மார்பில் வெண்கலச் சிலுவை ஒன்று தொங்கியது. தெற்கே ஊர்ப் பெண்கள் சேர்ந்து பழைய வீரர்களுக்குக் கொடுப்பது.

“இன்னும் சாகலியாடா நீ?” என்றான்.

“உன்னக் கேட்டுட்டுப் போலாம்னு இருந்தேன்,” என்றார் லாத்ரப்.

ஹண்டூன் இருவரையும் நூலகத்துக்கு இழுத்துப்போய் ஒரு மேசையில் தாளும் பேனாவும் வைத்தார். “நாலு வரி போதும்டா. கண்ணால பாத்தத எழுது. நான் போய் ஊர்வலத்துக்கு ஆள் சேக்கிறேன்.” கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ருடிசில் பேனாவைத் தொடவில்லை.

“எழுதுறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். மறுநாள் விடிஞ்சதும் எங்க வேலி மேல குண்டு வந்து விழுந்துச்சே, அது எந்தப் பீரங்கியோடது?”

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. தங்கள் பக்கம் எட்டுப் பீரங்கிகள் இருந்தன. ஐம்பத்துநாலு வருஷம் கழித்து யார் போய்க் கதவைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்? லாத்ரப் வாயைத் திறந்தார்.

“அதேதான்,” என்றார்.

“குறி வச்சது?”

“நான்தான்.”

“அங்கதான் நாங்க இருக்கோம்னு தெரியுமா?”

“தெரியும். முந்தின நாள் பாத்தேனே.”

ருடிசில் தலையாட்டினான். கோபம் வரும் என்று லாத்ரப் காத்திருந்தார். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என் தம்பி அங்க நின்னான்,” என்றான் ருடிசில். “அப்புறம் வேலிக் கட்டையில இருந்து அவன வழிச்சுத்தான் எடுத்தோம். பீரங்கியக் குடுத்தனுப்பினவன் நான்னு வீட்ல சொல்லல. எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லல. இந்தச் சிலுவைய மாட்டிவிட்டாங்களே, அன்னிக்கும் சொல்லல. ஹண்டூன் கடிதாசி வந்ததும் நீதான் வாயத் தொறந்துட்டேன்னு நெனச்சேன். ரெண்டு நாளு சோறு இறங்கல.”

பிறகு பேனாவை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினான். தாளைத் திருப்பி இந்தப் பக்கம் தள்ளினான். லாத்ரப் படித்தார்.

‘பட்டப்பகல். லாத்ரப் தனியாக நடந்து வந்தார். கையில் ஆயுதம் இல்லை. எங்கள் துப்பாக்கிகளுக்கு நேரே பீரங்கி வரை வந்தார். குனியவில்லை. பீரங்கியைக் கொண்டுபோனார். மறுநாள் அதை எங்கள்மேல் பயன்படுத்தினார்.’

ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

“கைக்குட்டை?”

“கேட்டா சொல்லுவேன். கேக்க மாட்டாங்க. பாத்தவங்கள்ல மிஞ்சினது நான் மட்டும்தான்.”

“கிழிச்சுப் போடுடா,” என்றார் லாத்ரப். தான் அப்படிச் சொல்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. “போனாப் போகட்டும் பதக்கம். எனக்கு வேண்டாம்.”

“வேண்டாம்னு சொல்ல நீ யாரு?” ருடிசில் குரலை உயர்த்தவில்லை. “எங்க வீட்ல ஒருத்தன் உசுரு போயி வந்த பதக்கம் அது. சாகுற வரைக்கும் நீ மாட்டிக்கிட்டுத் திரியணும். நீ கழட்டிட்டேன்னு கேள்விப்பட்டா, மிச்சத்தையும் ஹண்டூனுக்கு எழுதுவேன். உன் மக பேருக்கும் ஒரு படி போகும்.”

“உன் கதையும் வெளிய வருமே.”

“வரட்டும். எனக்கு இனிமே கேக்கிறவங்க இல்ல.”

கதவு தட்டப்பட்டது. “டேய் கிழவங்களா,” வெளியிலிருந்து ஹண்டூனின் குரல் உற்சாகமாகக் கேட்டது. “எல்லாம் சரியா?”

லாத்ரப் கதவைப் பார்த்தார். ருடிசில் லாத்ரப்பைப் பார்த்தான். பதில் சொல்லும் வேலையை அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

“எல்லாம் சரி,” என்றார் லாத்ரப்.

ஹண்டூன் கதவைத் திறக்கவில்லை. பதில் வந்ததும் நகர்ந்துபோகும் காலடிச் சத்தம் கேட்டது.

ஊர்வலத்தில் மூத்த வகுப்பு முன்னால் போக வேண்டும் என்பது வழக்கம். வந்திருந்தவர்களில் இவர்கள்தான் மூத்தவர்கள். மூன்று கிழவர்கள் முதல் வரிசையில் நின்றார்கள். ஹண்டூன் அந்தத் தாளை நான்காக மடித்து மார்புப் பையில் வைத்திருந்தார், அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்னால் முந்நூறு பேர் வகுப்பு வகுப்பாக நின்றார்கள். முரசு அடித்தது. நடந்தார்கள்.

வெயில் நேராக மண்டையில் இறங்கியது. மைதானத்தின் மறுகோடியில் ஹாரியட்டின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது, அவள் எழுந்து நிற்கிறாள். பின்வரிசையில் யாரோ, “பாருங்கடா, லாத்ரப் அய்யா இந்த வயசுலயும் குனியாம நடக்கிறாரு,” என்றார்கள். நாலைந்து பேர் ஆமோதித்தார்கள்.

வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் வழிந்தது. எரிச்சலில் லாத்ரப்பின் கை தானாகச் சட்டைப்பையை நோக்கிப் போனது. விரல்களில் துணி தட்டுப்பட்டது.

“வெளிய எடுக்காத,” என்றான் ருடிசில், நேரே பார்த்தபடி.

லாத்ரப் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்.