பாப்பியின் வாளி

இரண்டாவது துண்டு ஆப்பிள் கேக்கையும் முடித்துவிட்டு, விற்பனையாளன் டுவைட் மாட்டுக்கான ஹார்மோன் ஊசியின் ஆர்டர் படிவத்தை மேசையில் விரித்தான். வீட்டுக்காரி ஆர்டிஸ் அவன் கோப்பையில் மறுபடி காப்பி ஊற்றினாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வீடேறி வந்தவனுக்குக் காப்பியும் கேக்கும் வைத்தே ஆக வேண்டும். கழுத்தறுக்க வந்தவனுக்கும் அதே உபசாரம்தான்.

போன வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்: இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி, மாட்டுக்குத் தினம் பத்து பவுண்டு, அதாவது நாலரை லிட்டர், பால் கூடுதல். பொய்யில்லை, கறந்தன. ஆனால் அதே வாக்கியத்தை அவன் வட்டாரத்தின் அத்தனை சமையலறையிலும் சொல்லியிருந்தான். எல்லார் மாடும் கறந்ததில் பால் குவிந்தது; பாலாடைக்கட்டி ஆலைக்காரன் விலையைக் குறைத்தான். கூடக் கறக்கிற மாடு கூடத் தின்னவும் செய்தது. ஊசி போட்ட அவர்களுடைய நாற்பத்திரண்டு மாடுகளில் முதலாவதாகப் பாப்பிக்கு மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. வெள்ளிக்கிழமை அதைக் கறிக்கு ஏற்ற லாரி வருகிறது.

“பாலு கூட வித்தோம், தம்பி. கைல நின்னது கொறைச்சல். இது என்ன கணக்கு?”

“விலை எறங்கினதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்?”

“வீடு வீடாப் போயி ஊசி வித்தது உங்க தாத்தாவா?”

“அதத்தான் சொல்றேன். எல்லாரும் போடுறாங்க. நீங்க மட்டும் நிறுத்தினா, அதே விலைக்குக் கொறைஞ்ச பாலு. தாங்குவீங்களா?”

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குழி வெட்டியவனே கயிறு விற்க வந்திருக்கிறான். அதுவும் நியாயமான விலைக்கு.

கணவன் ஓர்லின் பேனா மூடியைக் கழற்றியிருந்தான்.

“பாப்பியோட நிக்காது, ஓர்லின்.”

“வேற வழி சொல்லு, கையெழுத்து போடல.”

ஆர்டிஸ் எழுந்து கொட்டகைக்குப் போனாள். மடி வீங்கிய பாப்பியின் திரிந்த பாலை விற்கக் கூடாது. கொட்டுவதற்காக வாளியில் இருந்தது. தூக்கி வந்தபோது டுவைட் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தான்.

“படிவம் இருக்கட்டும், யோசிங்க. அக்கா, கெளம்புறேன்.”

“இரு. இந்த வீட்ல யாரும் வெறுங்கையோட போனதில்ல.”

“அக்கா, இது...”

“நீ சொன்ன பத்து பவுண்டு. சரியா இருக்கும், புடி.”

அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதான். வாசலில் நீட்டியதை வேண்டாமென்றால் அவன் அம்மாவே வீட்டில் சேர்க்க மாட்டாள். இரு கையாலும் வாங்கினான்.

புது டிரக்கின் முன் இருக்கையில் மூடியில்லாத வாளி தளும்பியது. ஓர்லின் ஜன்னலோரம் வந்து நின்றான், பேனா இன்னும் கையில் திறந்தபடி. சரளைப் பாதையில் டிரக் எறும்பாக ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்விளக்கு சிவந்து சிவந்து அணைந்தது.