பேட்டரி இறங்கும் வீடு

வண்டி மூன்றாவது முறையாகக் கிளம்ப மறுத்தது. விடியற்காலை நாலரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ஸ்டீயரிங்கை ஒரு குத்துக் குத்தி, அதை விற்றவனின் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுத்திருப்பார்கள். அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். இந்த இடத்தில் கோபம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வரத்தான் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போல, எட்டு மாதமாக எதற்கும் இப்படித்தான். கிள்ளுவது தெரியும், வலிக்காது.

எட்டு மாதத்துக்கு முன் அவள் கணவன் அலுவலகத்தில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும்தான். அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். 'ஏறுங்க, ஏறுங்க, படியில நிக்காதீங்க' என்று ஊரையே ஏற்றிவிட்ட மனுஷன், மூன்று மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, இப்போது தானே எதிலும் ஏற முடியாமல் நிற்கிறார். விதிக்கும் கிண்டல் தெரியும் போலிருக்கிறது.

வாரம் இரண்டு நாள் அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாடகைக் கார்கள் எல்லாம் தாழ்வான கார்கள். அதில் குனிந்து உட்காரும்போது அவர் போட்ட ஒரு அலறலில் டிரைவரே பயந்துபோனான். அதை யாரோ போனில் அவருடைய மகளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நாத்தனார் அன்றைக்கே கூப்பிட்டாள். "நீ காலைல அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறவ. அவரையும் வெச்சுக்கிட்டு ஏன் சிரமப்படணும்? அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஏத்தி இறக்க உன்னால முடியும்னு தோணினா அப்பவே சொல்லு, விட்டுடறேன்."

"சரி அண்ணி" என்று போனை வைத்தவள், அதே வாரம் இந்தப் பழைய எஸ்யூவியை வாங்கிவிட்டாள். இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருந்தது. அப்படியே திரும்பிச் சாய்ந்தால் உட்கார்ந்துவிடலாம். ஏன் வாங்கினாள் என்று கேட்டிருந்தால், உயரத்தைத்தான் சொல்லியிருப்பாள். அவரை ஏன் அனுப்ப மனமில்லை என்பதற்கு அவளிடம் அப்போது பதில் கிடையாது.

வாங்கிய பிறகு, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வண்டி இடது பக்கமாக இழுத்தது. ஏசியைப் போட்டால் ஈரக் கோணி நாற்றம் வந்தது. பிரேக்கை மிதித்தால் சாக்பீஸைக் கரும்பலகையில் குறுக்கே இழுத்தது போல் ஒரு சத்தம். தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதை ஆரம்பித்தாலும் 'ஒரு சந்தேகம்' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் அவருக்குப் பெயரே சந்தேகம் என்று ஆகிவிட்டது. நேரில் அவரை அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இழுப்புக்குக் காரணம் ஒரு டயரில் மட்டும் காற்று குறைவு. நாற்றத்துக்குக் காரணம் ஏசி ஃபில்டரில் எலி கட்டிய கூடு. சத்தத்துக்குக் காரணம் தேய்ந்துபோன பிரேக் பேட். எல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. தீராதது பேட்டரி மட்டும்.

"பழசு, மாத்திடலாம்" என்று புதிது போட்டார். மூன்றாம் நாள் அதுவும் செத்தது. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். நல்லபடியாகச் சார்ஜ் ஏறியது. நிறுத்திய வண்டியில் எதுவோ கரண்டைத் திருடுகிறது என்று ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அரை நாள் உட்கார்ந்தார். எதுவும் திருடவில்லை. கடைசியில் இரண்டு நாள் வண்டியைப் பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டார்.

"ஒரு சந்தேகம்மா" என்றார் வியாழக்கிழமை சாயங்காலம், கையைத் துடைத்துக்கொண்டே. "என் இடத்துல ரெண்டு நாள் நின்னுச்சு, ஒரே திருப்புல கிளம்புது. உங்க வீட்டுல நின்னா செத்துப்போகுது. அப்ப வண்டி மேல எனக்குச் சந்தேகம் இல்ல."

"பின்ன?"

"வீட்டு மேலதான். நீங்க பாக்காதப்ப யாரோ கதவத் திறக்கறாங்க. கதவு முழுசாச் சாத்தலைன்னா உள்ள இருக்கற கம்ப்யூட்டர் தூங்காதும்மா. முழிச்சுக்கிட்டே கிடந்து பேட்டரியக் காலி பண்ணிடும். பாக்கறவங்களுக்கு வண்டி சும்மா நிக்கற மாதிரிதான் இருக்கும்." ஒரு டேப் சுருளை அவள் கையில் வைத்தார். "மத்தியானம் வந்து நிறுத்தினதும் எல்லாக் கதவு இடுக்குலயும் ஒரு துண்டு ஒட்டிட்டுப் போங்க. சாயங்காலம் எது பிஞ்சிருக்குன்னு பாருங்க. அப்பவும் தெரியலைன்னா நான் இந்த யானைக்கு வைத்தியம் பாக்கறத விட்டுடறேன்."

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு மணிக்கு வீடு வந்தால் ஐந்து மணிவரை அறைக்குள் படுத்திருப்பாள். வெள்ளிக்கிழமை வந்தவுடன் டேப் ஒட்டினாள். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவில் மட்டும் டேப் இரண்டாகப் பிய்ந்திருந்தது. கதவும் பாதிக் கொக்கியில்தான் நின்றது. விரலால் அழுத்தினால் அசைந்தது.

தெருப் பிள்ளைகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை படுக்கப் போகாமல், வண்டி தெரியும் சமையலறை ஜன்னல் ஓரமாக நின்றாள்.

மூன்று மணிக்கு மாமனார் வந்தார்.

வாக்கரின் நான்கு கால்களுக்கும் பழைய காலுறைகளை மாட்டியிருந்தார். செருப்பு இல்லை. ரிமோட்டை அழுத்தினால் 'கீக்' என்று கத்துமே, அதனால் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினார். மறுபக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்து, முதுகைக் காட்டி நின்று, கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். இறங்கினார். மறுபடி ஏறினார். வாயைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் சத்தம் வெளியே வரவில்லை. நான்காவது தடவை கால் சறுக்கி, கதவைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கை தானாக ஜன்னல் கம்பியைப் பிடித்தது. ஐந்தாவது தடவை சரியாக ஏறினார்.

பிறகு இறங்கி, இரண்டு உள்ளங்கையையும் கதவில் வைத்து, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல அதைத் தள்ளிச் சேர்த்தார். முதல் கொக்கி விழுந்தது. அவருக்கு அது போதும். அவ்வளவு மெதுவாகச் சாத்தினால் எந்த வண்டியின் கதவும் முழுசாக விழாது.

அவள் வெளியே வந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர் வாக்கரைப் பிடித்தபடி நின்றார்.

"எழுப்பிட்டேனாம்மா?"

"இல்ல மாமா. கதவு முழுசா விழல, அதான் பேட்டரி இறங்கிடுது."

"நாளைக்கு உங்க அண்ணி வருதில்ல. தூக்கி ஏத்தறதப் பாத்தா உடனே பெட்டியக் கட்டிடும். நானே ஏறிக் காட்டிட்டா ஒண்ணும் சொல்லாதுன்னு..." தரையைப் பார்த்தார். "நீ தூங்கற நேரமாச்சேன்னுதான் மெதுவா சாத்தினேன். அதனாலயா வண்டி நின்னுபோச்சு? மூணு நாள் உன்னை பஸ்ஸுல அலையவிட்டுட்டேனே, பாவி."

அவளுக்குக் கண் கலங்கவில்லை. கண் கலங்கவில்லை. ஆனால் இந்தத் தடவை கிள்ளியது கொஞ்சம் வலித்தது. அவள் அதைக் கவனித்தாள்.

"அறைஞ்சு சாத்துங்க மாமா."

"தெருவே கேக்குமேம்மா."

"கேக்கட்டும்."

அவர் தயங்கினார். பிறகு கதவை முழுசாகத் திறந்து ஒரே அறையாக அறைந்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பெரிய காலிப் பெட்டியோடு வந்து இறங்கினாள். மாமனார் நேராக வண்டிக்கு நடந்தார், திரும்பினார், ஏறினார், கதவை இழுத்து அறைந்தார். பரீட்சை எழுதிய பையன் மாதிரி கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்து வாசலிலிருந்து உள்ளே கூட்டிப்போனாள்.

"ஏறிட்டாரு, சரி. நான் கேக்கறது வேற. என் தம்பியே போயிட்டான். உனக்கு என்ன வயசாச்சு? இந்தப் பாரத்த நீ ஏன் சுமக்கணும்? அவருக்காகப் பாக்காத. உனக்கு வேணுமா வேண்டாமான்னு உன் வாயால சொல்லு."

குரலில் சண்டை இல்லை. அக்கறைதான் இருந்தது. அதனாலேயே 'சரி அண்ணி' என்று சொல்லிவிடுவது சுலபம். எட்டு மாதமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெட்டி கூடத்தின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"நான் மத்தியானம் தூங்கறேன்னு மாமா நினைச்சுக்கிட்டிருக்காரு அண்ணி" என்றாள். "நான் தூங்கறதே இல்ல. உங்க தம்பி போனதுல இருந்து ஒரு மத்தியானமும் தூங்கல. கண்ணைத் திறந்துக்கிட்டுப் படுத்திருப்பேன். வெளியே மாமா நடப்பாரு. சத்தம் வரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் காலை வெப்பாரு. தண்ணி குடிச்சா டம்ளரைத் துணி மேல வெப்பாரு. இருமல் வந்தா தோட்டத்துக்குப் போயிடுவாரு. அவ்வளவும் எனக்குக் கேக்கும்."

குரல் உடைந்தது. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"யாரோ எனக்காகச் சத்தம் போடாம நடக்கறாங்கன்னு கேட்டுக்கிட்டேதான் அந்த மூணு மணி நேரத்த நான் கடத்தறேன். அவரையும் கூட்டிட்டுப் போயிட்டா வீடு நிஜமாவே அமைதியாயிடும் அண்ணி. அது என்னால முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

நாத்தனார் அவளை அணைத்துக்கொள்ளவும் இல்லை, தேற்றவும் இல்லை. குனிந்து பெட்டியை மூடினாள். கொண்டுபோய்ச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, "நீ போய்ப் படு. நானும் அப்பாவும் பேசிக்கிட்டுதான் இருப்போம்" என்றாள்.