கப்பிக்கு விடுகிற எண்ணெய்

ஆறு பேர் சேர்ந்து தள்ளியும் கார் ஒரு முழத்துக்கு மேல் நகரவில்லை. முற்றத்து மணலில் சில்லுகள் புதைந்துபோயிருந்தன. பந்தல்காரர்கள் கம்புகளை வேலியோடு சாத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முந்தநாள் றோட்டிலிருந்து கட்டி இழுத்துவந்து விட்ட கார். அது நின்ற இடத்தில்தான் பந்தல் வரவேண்டும். ஒன்பது மணிக்கு மலர்ச்சாலையிலிருந்து வினோஜாவின் அப்பாவுடைய உடலோடு பெட்டி வந்துவிடும்.

“ஸ்ராட் பண்ணித்தான் எடுக்கவேணும்,” என்றார் றஞ்சித் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கையெல்லாம் மணல். “எமில்ராஜுக்குச் சொல்லியிருக்கிறன். வாறான்.”

“ஆர், உந்தக் கராச்காரனோ?” கனகசபாபதி மாமா கதிரையை விட்டு எழுந்தார். அம்மாவின் மூத்த அண்ணர். “ஆளைச் சாகடிச்சவனைக் கூப்பிட்டுக் கொள்ளியையும் அவனிட்டையே குடன்.”

“அண்ணை, மெல்லமாக் கதையுங்கோ.”

“ஏன் மெல்லமா? டொக்டர் மெல்லமாவே சொன்னவர்? அரை மணித்தியாலம் முந்திக் கொண்டந்திருந்தா ஆள் தப்பியிருக்கும். சொன்னவரோ இல்லையோ?”

வினோஜா உள்ளே யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினேழு வயது. இரண்டு நாளாக அவள் வாயே திறக்கவில்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதிர்ச்சி என்றார்கள். தகப்பன் செல்லம் என்றார்கள். பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எமில்ராஜ் மோட்டார்சைக்கிளைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டு வந்தான். குருநகர் ஆள். சந்திக்குப் பக்கத்தில் வாகனம் திருத்துகிற கராச் வைத்துப் பதினொரு வருடம். அப்பாவின் காரில் அவனுடையதைத் தவிர வேறு கை பட்டதில்லை. ஒருவரையும் பார்க்காமல் நேரே போய்க் காரின் முன்பக்கப் பொனற்றைத் தூக்கினான். அறுந்த பெல்ற் உள்ளே தொங்கியது. அதை இழுத்து எடுத்து, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

வினோஜா யன்னல் சீலையைப் பாதி இழுத்தாள்.

அவன் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான். வாசல், விறாந்தை, யன்னல். யன்னலில் அவன் கண் நின்றது. பிறகு பெல்ற்றைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தான்.

போன கிழமை வரைக்கும் அந்தக் கார் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. காலையில் திறப்பைத் திருப்பினால் போதும், பன்றியை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒழுங்கை கடந்து பெரிய றோட்டில் ஏறும் வரைக்கும் நிற்காது. “எனக்கு ஹோர்ன் செலவில்லை,” என்று அப்பா சிரிப்பார். சங்கக்கடை மனேச்சர் பரமலிங்கம் வருகிறார் என்று நீர்வேலி ஊருக்கே தெரியும். ரியூசன் வாசலில் அவளை இறக்கும்போது பெடியள் வாயால் அதே சத்தத்தைப் போடுவார்கள். கூடப் படிக்கிற தர்சிகா ஒருநாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள், “இறங்கடி, உங்கடை நாயனம் வந்திட்டுது.”

அன்றைக்கு வினோஜாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

“சனிக்கிழமை எமில்ராஜிட்டை விடுறன் பிள்ளை. புதுப் பெல்ற் எடுப்பிச்சு வைச்சிருக்கிறான்,” என்றார் அப்பா.

சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்று பின்னேரம் அம்மா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள், கப்பி கத்துகிறது, எண்ணெய் விடு என்று. குசினியிலிருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய் விட்டாள். இரண்டு சுற்றுச் சுற்றியதும் கப்பி அடங்கிவிட்டது. எவ்வளவு சுகமான வேலை. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அதே போத்தலோடு போய்ப் பொனற்றைத் திறந்தாள். எங்கே கத்துகிறது என்று அவளுக்குத் தெரியும், அப்பா காட்டியிருக்கிறார். பெல்ற் ஓடுகிற சில்லுகளிலும் பெல்ற்றிலும் தேங்காய் எண்ணெயை வழிய வழிய விட்டாள். விரல் கறுத்துப்போனது.

அடுத்த நாள் காலை கார் பூனை மாதிரிப் போனது.

“இஞ்சை பார் மீனாம்பிகை! தன்ரை பாட்டிலை நிண்டிட்டுது,” என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். வினோஜா பின்சீற்றில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இருந்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்திருப்பார். சனிக்கிழமை அவர் கராச்சுக்குப் போகவில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை விடியப்புறம் நாலு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அம்புலன்சுக்குப் போன் அடிப்போம் என்று அம்மா சொன்னாள். “சங்கு ஊதிக்கொண்டு வந்து ஊரை எழுப்பவேண்டாம். கார் நிக்குதுதானே,” என்றார். பக்கத்து வளவிலிருந்து சித்தப்பா ஓடிவந்து திறப்பை எடுத்தார். பின்சீற்றில் அப்பாவின் தலை வினோஜாவின் மடியில். கார் சத்தமே இல்லாமல் போனது. இருபாலைக்குக் கிட்ட முன்னால் ஏதோ படாரென்று அடித்தது. கொஞ்சத் தூரத்தில் பொனற்றுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை வந்தது; எஞ்சின் கொதித்துக் கார் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்புலன்சுக்கு அடித்தார்கள்; அது வேறெங்கோ போயிருந்தது. கடைசியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன லொறி ஒன்றுதான் நின்று அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது.

“பிள்ளை, றேடியேற்றருக்குத் தண்ணி வேணுமாம்,” என்று முற்றத்திலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

வாளியோடு போனபோது எமில்ராஜ் குனிந்து நின்றான். சீற்றில் ஒரு மட்டைப்பெட்டி கிடந்தது. அதில் பேனையால் ‘பரமண்ணை – சனி’ என்று எழுதியிருந்தது. அதிலிருந்த புதுப் பெல்ற்றை மாட்டி, இரும்புக் கம்பியால் நெம்பி இழுத்துக்கொண்டு மற்றக் கையால் ஆணியை இறுக்கினான். பெல்ற்றின் நடுவில் பெருவிரலால் அமத்திப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

“ஊத்து,” என்றான்.

ஊற்றினாள். அவன் கையிலும் தண்ணீர் கொட்டியது.

“அண்ணை...”

“கதையாதை.”

“நான்தான் அண்ணை...”

“எனக்குத் தெரியும். கராச்சிலை ஆர் தேங்காய் எண்ணெய் வைச்சிருக்கினம்? எண்ணெய் பட்டா பெல்ற் ஊறி அறுந்திடும்.” அவன் தலையைத் தூக்கவில்லை. “சத்தம் நிண்டிட்டுது, வரேல்லை எண்டு பரமண்ணை கோல் எடுத்தவர். சும்மா நிக்காது எண்டு எனக்குத் தெரியும். கொண்டு வாங்கோ, ஒருக்காப் பாப்பம் எண்டு சொல்லியிருக்கவேணும். அண்டைக்குக் கராச்சிலை ரெண்டு வான் திருத்த நிண்டது. நல்லதாப் போச்சு எண்டு விட்டிட்டன்.”

“உங்களைத்தான் எல்லாரும்...”

“கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்.”

“நான் போய்ச் சொல்லட்டே?”

இப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அன்பு இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். களைப்புத்தான் இருந்தது.

“அது உன்ரை விருப்பம்,” என்றான்.

கார் இருமிக்கொண்டு ஸ்ராட் ஆனது. மணலை விட்டு ஏறி, படலையைத் தாண்டி, ஒழுங்கையோரத்தில் போய் நின்றது. ஒரு கத்தல் இல்லை. எமில்ராஜ் திறப்பைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தான்.

மாமா பந்தல்காரர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார், “இப்ப மட்டும் என்னண்டு பெல்ற் வந்தது? ஆள் உயிரோடை இருக்கேக்கை எங்கை கிடந்தது?”

“பெல்ற் பழசு. நான் முந்தி மாத்தியிருக்கவேணும்,” என்றான் எமில்ராஜ்.

“பாத்தியளே, வாயாலை ஒத்துக்கொள்ளுறான்! ஒரு மணித்தியாலம், கேட்டியளோ, ஒரு மணித்தியாலம் நடு றோட்டிலை கிடந்தது மனுசன். இனி உவன்ரை கராச்சுக்கு ஒருத்தரும் போகாதேங்கோ.”

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். வெறும் வாளியோடு வினோஜா அவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். வாயைத் திறந்தாள். மாமா திரும்பி, “உள்ளை போ மோனை, வெய்யிலுக்கை நிக்காதை,” என்றார். அவள் உள்ளே போனாள்.

மோட்டார்சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. நெஞ்சுக்குள் ஏதோ இளகி இறங்கியது. அது ஆறுதல்தான் என்று தெரிந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டி வந்தது. பந்தலுக்குள் வைத்தார்கள். ஐயர் வந்து கிரியை தொடங்கினார். எண்ணெய் வைக்க உரித்துக்காரரைக் கூப்பிட்டார்கள். யாரோ குசினிக்குள் போய்ப் போத்தலை எடுத்துவந்து கிண்ணத்தில் ஊற்றினார்கள். அதே போத்தல். லேபிளில் அவளுடைய பெருவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. சித்தப்பாவின் கையிலிருந்து மாமாவின் கைக்கு, மாமாவின் கையிலிருந்து இன்னொரு கைக்கு அந்தப் போத்தல் போனது. ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்து அப்பாவின் தலையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

“வை பிள்ளை,” என்றாள் அம்மா. இரண்டு நாளாக அழுது குரல் போயிருந்தது. “அப்பாக்கு உன்ரை கையாலை வை.”

வினோஜா அசையவில்லை. யாரோ பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்துக் கிண்ணத்தில் வைத்தார்கள். தோய்த்தாள். வைத்தாள். எண்ணெய் நெற்றியில் இறங்கி, கண்ணோரத்தால் வழிந்து, காதுக்குள் போனது. துடைக்கக் கையை நீட்டினாள்.

“துடைக்கக்கூடாது,” என்றார் ஐயர்.

பின்னேரம் பெட்டி படலையைத் தாண்டிப் போனது. பெண்கள் அதோடு நின்றுகொண்டார்கள். ஒழுங்கையோரத்தில் நின்ற காரைப் பறைச் சத்தத்தோடு பெட்டி கடந்துபோவதைப் பார்த்துவிட்டு, வீடு கழுவத் திரும்பினார்கள். உதவிக்கென்று வந்திருந்த தர்சிகா பாவாடையைச் செருகிக்கொண்டு, கூட்டித் தள்ளத் தும்புக்கட்டை எடுத்தாள். வினோஜா கிணற்றடிக்குப் போனாள்.

கயிற்றை இழுத்ததும் கப்பி கத்தியது. இரண்டு நாளாகச் சனம் முழுக்க அள்ளிய கிணறு.

வாளி வாளியாக அள்ளி ஊற்றினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அது பன்றியை அறுக்கிற மாதிரிக் கத்தியது. விறாந்தையில் சுருண்டிருந்த அம்மா காதைப் பொத்தினாள்.

“எடியே, காது கிழியுது,” என்றாள் தர்சிகா. “எண்ணெய் எங்கை இருக்கெண்டு சொல்லு, நான் கொண்டு வாறன்.”

“வேண்டாம்.”

இரண்டு நாளில் அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்ன முதல் வார்த்தை அது. வினோஜா வாளியைத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டாள். அது தண்ணீரில் தட்டும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, மெல்ல மெல்ல, ஒவ்வொரு முழமாக இழுக்கத் தொடங்கினாள்.