திரும்பி வந்த தூக்குவாளி

"அரிசி போவட்டும். குண்டான் போவக் கூடாது." மாடத்தி வாசலை மறித்து நின்றாள்.

மருமகள் காளீஸ்வரி தலையிலிருந்த பாத்திரத்தை இறக்கவில்லை.

சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற சண்டையில் போன வாரம் காலனி எரிந்தது. பானை சட்டியெல்லாம் கிணற்றுக்குள் போயின. உயிர் தப்பியவர்கள் செண்பகத்தோப்புப் பாதையில் ஒரு மாந்தோப்பில் கிடந்தார்கள். எரித்த இந்தத் தெருதான் பாவம் பார்த்து அரிசியும் கொடுத்தது. பாத்திரம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அரிசி திரும்பி வராது, பாத்திரம் வரும். காலனி ஆட்கள் கை பட்டது எப்படி அடுப்படிக்குள் நுழையும்?

"பிள்ளைக வெறும் அரிசிய மெல்லுதுக அத்தை. பொங்க ஒரு சட்டி இல்ல."

"அதுக்கு என் வீட்டுக் குண்டானா?"

"எங்கம்மா குடுத்த சீரு அத்தை இது."

சோலைராஜ் லோடு வண்டியை ஸ்டார்ட் செய்தான். அம்மாவையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. "ஏறுட்டி. மழை வருது."

ஓடைப் பாலத்தில் கம்புகளோடு ஆட்கள் நின்றார்கள். அவன் அண்ணன் பாண்டிதுரை தார்ப்பாயைத் தூக்கினான். அரிசி மூட்டை, குண்டான், அதற்குள் உப்பும் வத்தலும் போட்ட தூக்குவாளி.

"குடுத்துட்டு வாங்க. அங்க தொட்டது எதுவும் இந்தப் பாலத்தத் தாண்டி வரக் கூடாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

தோப்பு முகப்பில் போலீஸ் வேன் நின்றது. பாலத்தில்தான் நிற்கவில்லை.

தோப்பில் ஈஸ்வரி என்றொருத்தி குண்டானைக் கண்டதும் விலகினாள். "கீழ வைங்கக்கா, எடுத்துக்கிடுதேன்."

காளீஸ்வரி கீழே வைக்கவில்லை. கையிலேயே கொடுத்தாள்.

சோறு வெந்தது. பிள்ளைகள் தின்று முடிக்கும்வரை இருந்துவிட்டு, குண்டானை அங்கேயே விட்டுக் கிளம்பும்போது, ஈஸ்வரி தூக்குவாளியைக் கழுவிச் சோறு போட்டு நீட்டினாள்.

"ஒங்களுக்கே பத்தாதே தாயி."

"இருக்கட்டும்க்கா. வெறும் பாத்திரமா திருப்பிக் குடுத்துப் பழக்கமில்ல."

பாலத்துக்கு வந்தபோது பொழுது மங்கியிருந்தது. கம்புகள் கூடியிருந்தன. பாண்டிதுரை முதலில் வண்டிச் சாவியைப் பிடுங்கினான். பிறகு காளீஸ்வரியின் மடியைப் பார்த்தான்.

"அதுல என்ன?"

"சோறு. அவிய பொங்குனது."

"வாளியோட ஓடையில எறி. எறிஞ்சிட்டு வீட்டுக்குப் போ."

அவள் இறங்கினாள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். ஒருவன் கம்பை வலது கைக்கு மாற்றினான்.

"உப்புப் பத்தல," என்றாள் புருஷனிடம்.

சோலைராஜ் அண்ணன் கையிலிருந்த சாவியைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நாளைக்கு உப்பு சேத்துக் கொண்டு போவோம்," என்று அவளிடம் சோற்றுக்கு உள்ளங்கையை நீட்டினான்.