ஒற்றைக் கைப் பலகை

மேனேஜர் கைப்பேசியில் நேரம் வைத்துவிட்டு, சட்டைக்குப் பட்டன் அடிக்கும் மெஷின் அருகில் நின்றார். ஒரு மணி நேரத்தில் இருநூறு பட்டன் அடித்துக் காட்டினால் அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் இதே மெஷினில்தான் அவனுடைய இடது கை விரல்கள் நான்கும் போயின. ஒரு கை துணியைப் பிடிக்க வேண்டும், மறு கை பட்டனை அச்சில் வைக்க வேண்டும், பிறகு பெடலை மிதிக்க வேண்டும். ஒற்றைக் கைக்கு அங்கே வேலையில்லை. வீட்டில் கிடந்த நாளெல்லாம் மெஷினில் மாட்ட ஒரு பலகை செதுக்கினான். ஏழு பலகை அடுப்புக்குப் போயிற்று. இது எட்டாவது. நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பட்டன் ஒவ்வொன்றாக வழுக்கி வந்து அச்சில் உட்காரும். சைக்கிள் டியூப் ஒட்டிய மரக் கவ்வி துணியைப் பிடித்துக்கொள்ளும். டியூப்பை வெட்டி ஒட்டியவள் அவன் மனைவி. இப்போது அடுத்த மெஷினில் இவனைப் பார்க்காத மாதிரி வேலை செய்துகொண்டிருந்தாள்.

இருநூற்றுப் பதினாறு வந்தது.

"கை போன இடத்துல மூளை முளைச்சிருக்குடா மச்சான்," என்றான் எதிர் மெஷின் நெட்டையன். "நானும் ஒரு விரலை வெட்டிக்கவா?"

"உனக்குத் தலையையே வெட்டினாலும் முளைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். எட்டு மாதத்தில் அவன் யாரையும் கேலி செய்ததில்லை. மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

மேனேஜர் பலகையைத் தடவினார். "நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா வலது கைக்கு மட்டும்தான் ஆகும், இல்ல?"

அவனுக்குச் சுருக்கென்றது. "யார் சார் சொன்னது?" நாலு ஸ்குருவைக் கழற்றினான். முழங்கையால் அழுத்திப் பிடித்துப் பலகையைப் புரட்டி மாட்டினான். "இப்ப இடது கைக்கு. துணியைச் சும்மா தள்ளிவிட்டாப் போதும் சார். பார்க்கக்கூட வேணாம்."

"அப்ப எந்தக் கையா இருந்தாலும் ஒண்ணு போதும்?"

"தாராளமா சார்."

மேனேஜர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் வேலை செய்தான். பதினோராம் நாள் காலையில் மெஷின்கள் ஜோடி ஜோடியாக நகர்த்தப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் இரும்பில் அடித்த பலகை. இரண்டு மெஷினுக்கு நடுவே ஒரு ஸ்டூல்.

"இனிமே ஆளுக்கு ரெண்டு மெஷின்," என்றார் மேனேஜர்.

"எனக்கு ஒண்ணு குடுங்க சார். செஞ்சு காட்டினேனே."

"ஒத்தை மெஷின்னு இப்ப எதுவும் இல்லையேப்பா."

பாதிப் பேர் வெளியே. அதில் நெட்டையனும் ஒருவன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனருகே வந்தான்.

"இனிமே எதையும் கண்டுபிடிக்காதடா," என்றான். சிரிக்கவில்லை.

கணக்குத் தீர்க்கும் கையெழுத்துக்காக அவன் வாசலில் நின்றான். உள்ளே மனைவி கால்களை அகட்டி இரண்டு பெடலையும் மாறி மாறி மிதித்தாள். இடது கை ஒரு மெஷினில், வலது கை ஒரு மெஷினில். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை. தலையைச் சாய்த்துத் தோளில் தேய்த்தாள். அதற்குள் இடப்பக்கத்தில் ஒரு பட்டன் தவறிற்று. மேனேஜர் குறித்துக்கொண்டார்.