தாவீதுராஜின் நீலச் சட்டை

தாவீதுராஜ் என்று ஒருவர் பிறக்கவேயில்லை. இருந்தாலும் 1988 முதல் எம்.ரெட்டியபட்டியில் அவருக்கு ஒரு மனைவியும் தங்கையும் இருந்தார்கள். மனைவி இன்பராணி, பால்வாடி டீச்சர். தங்கை ஜெபா அருப்புக்கோட்டை மில்லுக்குப் போய்வந்தாள். உண்மையில் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டவர்களாக வாழ்ந்தார்கள். அதற்கு ஊரில் வார்த்தை இல்லாததால் அண்ணி, நாத்தனார் என்று சொல்லிவைத்தார்கள். தாவீதுராஜ் அஸ்ஸாமில் மிலிட்டரி என்றார்கள். அவர் இருப்பதற்கு அடையாளமாக ஒரு நீலச் சட்டை வாங்கி, சனிக்கிழமைதோறும் துவைத்துத் துணிக்கொடியில் போட்டார்கள்.

மறு வருஷம் மதுரையில் ஒரு டாக்டரம்மா, பெயர் தெரியாத யாரோ கொடுத்த விந்தணுவை இன்பராணியின் கருப்பையில் செலுத்தினார். வீட்டுக்காரருக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு ஜெபாதான் சம்மதம் என்றாள். டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. தாவீதுராஜ் லீவில் வந்துபோனதாக ஊரில் சொன்னார்கள். பார்த்ததாகவே இரண்டு பேர் சொன்னார்கள். மகள் அஷ்லின் பிறந்த வாரம் சட்டைக் காலரில் வியர்வைக் கறை இருந்தது. பிறகு வாராவாரம் இருந்தது. "ஏட்டி, ஒங்கண்ணன் சட்டைதான் அழுக்காகுது, ஆளைக் காணோமே" என்றாள் அடுத்த வீட்டுப் பெத்தம்மாள். ஜெபா இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டாள்.

1993 ஐப்பசியில் காய்ச்சலில் இன்பராணி இறந்தாள். ஜெபா நாத்தனாருக்கு உரிய அளவே அழுதாள். காரியாபட்டியிலிருந்து இன்பராணியின் அண்ணன் ஜெபக்குமார் பிள்ளையைக் கொண்டுபோக வந்தார். அஷ்லினின் கவுன்களைப் பையில் திணித்தார்.

"நீ அத்தைதான. தகப்பன் வந்து சொல்லட்டும், விட்டுட்டுப் போறேன்."

நானும் அம்மாதான் என்று சொல்ல ஜெபா வாயெடுத்தாள். ஐந்து வருஷமாகத் தானே சொல்லிவைத்தது குறுக்கே நின்றது.

மதிய பஸ் வீட்டெதிரே நின்றது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். காலையில் சட்டை கிடந்த கொடி காலியாக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"மச்சான், நான் யாருமில்ல. பிள்ளைக்கு அம்மா ரெண்டு பேரு. ஒருத்தி இருக்கா."

திரும்பி வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ஜெபா சொல்லியிருந்தால் ஜெபக்குமார் கேட்டிருக்க மாட்டார். ஆம்பளை வந்து சொன்னதால் பையைக் கீழே வைத்தார்.

அஷ்லின் அன்றுமுதல் ஜெபாவை அம்மா என்றாள். சனிக்கிழமைகளில் துவைக்கச் சட்டையும் இல்லை, இன்பராணியின் சேலையும் இல்லை. நீளக் கொடியில் சின்னக் கவுன்களை ஜெபா ஓர் ஓரமாகக் காயப்போட்டாள். மதிய பஸ் அதன்பின் யாரும் கை காட்டாமலே அந்த வீட்டெதிரே நின்றது. யாரும் இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்டக்டர் விசில் கொடுப்பார்.